‘நீங்கள் மனிதர்தானா?’ என்று கேட்கும் வாசல்

(பச்சைமலையில் இளைஞர்கள் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் இணையதளத்தின் வேகம், பாதுகாப்பு என்று ஒரு தலைப்பு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நம்முடைய கட்டுரை, கள ஆய்வு அறிக்கை, வன்கொடுமைச் செய்தி, கூட்ட அறிவிப்பு எல்லாம் இன்றைக்கு இணையத்தில்தான் இருக்கின்றன. உதவித்தொகை விண்ணப்பமும் சாதிச் சான்றிதழும் தேர்வு முடிவும் அங்கேதான். அவை நம் கைப்பேசிக்கு வந்து சேர்வதற்கு முன்னால் ஒரு வாசலைக் கடக்கின்றன. அந்த வாசலைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஏதாவது ஒரு தளத்தைத் திறக்கும்போது வெள்ளைப் பக்கம் ஒன்று வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு சிறு கட்டம். நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்துங்கள் என்று கேட்கும். டிக் அடித்தால் சில சமயம் விடும், சில சமயம் மறுபடி கேட்கும், சில சமயம் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். நீ மனிதன்தானா என்ற கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இதைக் கேட்பது யார், எதை வைத்துக் கேட்கிறார்கள், யாரிடம் அதிகமாகக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

வேகம் எங்கிருந்து வருகிறது

இந்த வேலையைச் செய்கிற நிறுவனங்களில் முக்கியமானது கிளவுட்ஃப்ளேர். அமெரிக்க நிறுவனம். 2009இல் மேத்யூ பிரின்ஸ், மிஷெல் ஜாட்லின், லீ ஹாலவே ஆகிய மூவர் தொடங்கினார்கள். இன்று உலக இணையதளங்களில் சுமார் ஐந்தில் ஒன்று இதன் வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. இதற்கு முன்பே 1998இல் அகமாய் என்ற நிறுவனம் இதே துறையில் இறங்கியது.

ஒரு தளத்தின் கோப்புகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு கணினியில் இருக்கின்றன என்று வையுங்கள். சென்னையிலிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். வளைந்து நெளிந்து போகிற கடலடிக் கேபிள்கள், நடுவில் நிற்கிற கருவிகள் எல்லாம் சேர்ந்தால் ஒருமுறை போய்த் திரும்ப 0.2 நொடிக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் திறக்க ஒரு பயணம் போதாது. முகவரி விசாரிக்க ஒன்று, கைகுலுக்க ஒன்று, பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று. முதல் எழுத்து திரையில் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி போய்விடும். பிறகு படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் வர வேண்டும்.

இதற்குத் தீர்வு ரேஷன் கடை மாதிரி. ஒவ்வொரு அட்டைதாரருக்கும் அரிசியை நெல் விளைந்த ஊரிலிருந்தா கொண்டுவருகிறார்கள்? வட்டத்துக்கு ஒரு கிடங்கு வைத்து, அங்கிருந்து கடைக்கு அனுப்புகிறார்கள். கிளவுட்ஃப்ளேர் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நகரங்களில் கணினிக் கிடங்குகள் வைத்திருக்கிறது. சென்னையிலும் உண்டு. தளத்தின் நகலை அங்கே வைத்துக்கொள்கிறது. நாம் கேட்டால் அமெரிக்கா வரை போகாமல் சென்னையிலிருந்தே கொடுத்துவிடுகிறது.

எந்தக் கிடங்கு பக்கம் என்று யார் தீர்மானிப்பது? 108ஐ நினைத்துக்கொள்ளுங்கள். துறையூரில் அழைத்தாலும் ஸ்ரீரங்கத்தில் அழைத்தாலும் எண் ஒன்றுதான், பக்கத்தில் இருக்கிற வண்டி வருகிறது. அதே போல உலகம் முழுக்க ஒரே இணைய முகவரியை அறிவித்து வைத்து, கோரிக்கையை அருகில் உள்ள கிடங்குக்குத் திருப்புகிறார்கள். வேகத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

பாதுகாப்பு ஏன் தேவைப்படுகிறது

இனி பாதுகாப்பு. ஒரு தளத்தை முடக்க அதை உடைத்து உள்ளே நுழைய வேண்டியதில்லை. கூட்டத்தை ஏவிவிட்டால் போதும். உலகம் முழுக்க உள்ள பாதுகாப்பற்ற கேமராக்கள், ரூட்டர்கள், கணினிகளைக் கைப்பற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரு தளத்தின் கதவைத் தட்டச் சொல்வார்கள். தளம் மூச்சுத் திணறி நின்றுவிடும். உண்மையான வாசகர் உள்ளே போக முடியாது. 2025 மே மாதம் கிளவுட்ஃப்ளேர் தடுத்த ஒரு தாக்குதல் நொடிக்கு 7.3 டெராபிட் அளவில் வந்தது. சிறு பத்திரிகைகளும் இயக்கங்களும் நடத்துகிற தளங்களுக்கு இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தாலே போதும்.

இது நமக்கு நடக்காத கதை என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் புலாட்லாட் என்ற மாற்று ஊடகம் இருக்கிறது. உழைக்கும் மக்கள் பக்கம் நின்று எழுதுகிற தளம். அதன் மேல் தொடர்ந்து இப்படித் தாக்குதல் நடந்தது. 2021இல் அதைத் துருவிப் பார்த்த ஸ்வீடனின் குரியம் அமைப்பு, தடயம் அந்நாட்டு அரசுத் துறையின் வலையமைப்பு வரை போவதாகச் சொன்னது. அதிகாரத்தில் உள்ளவர்களைக் கேள்வி கேட்கிற எந்தத் தளத்துக்கும் இந்த ஆபத்து உண்டு.

கிளவுட்ஃப்ளேர் போன்ற நிறுவனம் தளத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, வருகிற கூட்டத்தைத் தன் எல்லாக் கிடங்குகளுக்கும் பிரித்துவிடுகிறது. சந்தேகப்படுகிறவர்களை நிறுத்துகிறது. மற்றவர்களை விடுகிறது. சிறிய தளங்களுக்கு இந்தச் சேவையின் அடிப்படைப் பகுதி இலவசம். 2014இல் எல்லாத் தளங்களுக்கும் பூட்டுப் போட்ட இணைப்பை இலவசமாக்கினார்கள். அதே ஆண்டு கலிலியோ திட்டம் என்ற பெயரில், தாக்குதலுக்கு ஆளாகக்கூடிய மனித உரிமை அமைப்புகளுக்கும் ஊடகங்களுக்கும் கட்டணமில்லாப் பாதுகாப்பு தரத் தொடங்கினார்கள். இதெல்லாம் நல்ல காரியம். ஒரு நிறுவனத்தை விமர்சிப்பதற்கு முன்னால் அது செய்ததைச் சொல்லிவிட வேண்டும்.

எந்த முகவரியிலிருந்து வருகிறாய்?

கேள்வி இங்கேதான் வருகிறது. சந்தேகப்படுகிறவர்களை நிறுத்துகிறது என்றேனே, எதை வைத்துச் சந்தேகப்படுகிறது? பல அடையாளங்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் முக்கியமான ஒன்று, நீங்கள் வருகிற ஐ.பி. முகவரியின் ‘நற்பெயர்’. அந்த முகவரியிலிருந்து முன்பு தவறான வருகை இருந்ததா, ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிக் கோரிக்கைகள் வந்தனவா என்று பார்ப்பார்கள். இருந்தால் உங்களிடம் மனிதர்தானா என்று கேட்பார்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு முகவரி இருந்தால் இதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் அப்படி இல்லை. பழைய வகை முகவரிகள், அதாவது ஐபிவி4, மொத்தமே சுமார் 430 கோடிதான். இணையம் தொடங்கிய காலத்தில் பணக்கார நாடுகளும் அங்குள்ள பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் அள்ளிக்கொண்டன. அமெரிக்காவிடம் 100 கோடிக்கு மேல் இருக்கின்றன. 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவிடம் 4 கோடி அளவில்தான் இருக்கின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. நிலம் பங்கு போட்ட கதை மாதிரியே இருக்கிறது அல்லவா? நாம் வந்து நிற்கும்போது பட்டா போட்டு முடித்துவிட்டார்கள்.

எனவே கைப்பேசி நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. முன்பு ஊருக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊரே அந்த ஓர் எண்ணிலிருந்து பேசும். அந்த எண்ணிலிருந்து எவனோ ஒருவன் மிரட்டல் அழைப்பு விடுத்தால், மறுமுனையில் இருப்பவர் அந்த எண்ணையே எடுக்க மாட்டார். மருத்துவமனைக்குப் பேசுகிறவரும் அதில் மாட்டிக்கொள்வார்.

இது என் கற்பனை இல்லை. 2025 அக்டோபரில் கிளவுட்ஃப்ளேரின் ஆய்வாளர்களே இதை அளந்து வெளியிட்டார்கள். பலர் பகிர்கிற முகவரிகளில் தானியங்கிகளின் வருகை மற்ற முகவரிகளைவிடக் கூடுதல் இல்லை. ஆனாலும் அந்த முகவரிகள் மூன்று மடங்கு அதிகமாகக் கட்டுப்படுத்தப்பட்டன. வளரும் நாடுகளில்தான் ஒரு முகவரியை நிறையப் பேர் பகிர்கிறார்கள் என்பதால் பாதிப்பும் அவர்கள் மேல்தான் விழுகிறது என்றும் சொன்னார்கள். அதாவது தவறு கூடுதல் இல்லை, தண்டனை மட்டும் கூடுதல்.

பச்சைமலையில் உட்கார்ந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முகவரியை வைத்து ஆளை முடிவு செய்வது என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்கள் இருக்கும். தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. இங்கே இருக்கிற மலையாளி மக்கள் பழங்குடிகள். ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் இருக்கிற மலையாளி மக்கள் பட்டியலில் இல்லை. மாவட்ட எல்லைதான் வேறு. ஆண்டுக்கணக்காகச் சான்றிதழுக்காகப் போராடுகிறார்கள்.

இன்னொன்றும் நமக்குத் தெரியும். 1871இல் வெள்ளையர் அரசு கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டம். எவனோ ஒருவன் திருடினான் என்று ஒரு சமூகத்தையே பதிவேட்டில் எழுதி, கைரேகை வாங்கி, இரவில் காவல் நிலையத்தில் படுக்க வைத்தார்கள். தனி மனிதனைப் பார்க்காமல் கூட்டத்தை எடை போடுவதுதான் அதன் அடிப்படை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்த மக்கள் பட்ட கொடுமையைச் சிறுமைப்படுத்துவதாகும். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது. முகவரி நாளைக்கே மாறும், சாதி மாறாது. ஆனால் எண்ணிப் பார்க்க ஒரு விஷயம் இருக்கிறது. சாதி தெரியாத இயந்திரம்கூட, ஏற்கெனவே சமமில்லாமல் பங்கிட்ட ஒன்றின் மேல் நின்று தீர்ப்புச் சொன்னால், அடி வாங்குவது கடைசியில் நிற்பவர்தான். ‘நாங்கள் யாரையும் பாகுபடுத்தவில்லை, எல்லோருக்கும் ஒரே விதி’ என்று சொல்வதை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம்.

திருச்சி நகரத்தில் வீட்டில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு அந்தக் கட்டம் வந்தால் ஒரு டிக், அவ்வளவுதான். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருக்கிற கைப்பேசியில் அந்தப் பக்கம் வந்தால், அதற்கான நிரலே இறங்காது. விண்ணப்பத்தின் கடைசி நாள் முடிந்துவிடும். 2024இல் இந்த மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.க்குள் போனார். நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். அப்படிப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் பதிவு, விண்ணப்பம், கலந்தாய்வு என்று எத்தனை இணையப் பக்கங்களைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

வாசல் யார் கையில்

அடுத்த கேள்வி, அதிகாரம். 2016 செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளத்தின் மேல் பெரிய தாக்குதல் நடந்தது. அகமாய் அதுவரை அவருக்கு இலவசமாகப் பாதுகாப்பு கொடுத்து வந்தது. தாக்குதல் பெரிதானதும் செலவு தாங்காது என்று விலகிக்கொண்டது. பிறகு கூகுளின் ஷீல்டு திட்டம் ஏற்றுக்கொண்டது. இலவசமாகக் கிடைப்பது உரிமை ஆகாது, கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இது பாடம்.

2017 ஆகஸ்டில் டெய்லி ஸ்டார்மர் என்ற நாஜி ஆதரவுத் தளத்தைக் கிளவுட்ஃப்ளேர் வெளியேற்றியது. நாம் கைதட்டுவோம். ஆனால் பிரின்ஸ் தன் ஊழியர்களிடம் சொன்னது கவனிக்க வேண்டியது: காலையில் மோசமான மனநிலையில் எழுந்தேன், முடிவெடுத்தேன், இந்த அதிகாரம் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்ற பொருளில் அவரே எழுதினார். இன்றைக்கு நாஜிகள். நாளைக்கு யாரோ போடுகிற புகாரில் நம் தளமாகவும் இருக்கலாம்.

2025 நவம்பர் 18 மாலை 5 மணியை ஒட்டி உலகமெங்கும் எக்ஸ், சாட்ஜிபிடி உட்பட ஏராளமான தளங்கள் நின்றன. கிளவுட்ஃப்ளேருக்குள் நடந்த கோளாறு. தாக்குதலாக இருக்குமோ என்று அவர்களே முதலில் நினைத்தார்கள். உண்மையில், வருகிறவர் மனிதரா தானியங்கியா என்று மதிப்பெண் போடுகிற பகுதிக்கான கோப்பு ஒன்று அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது, அதைப் படிக்க முடியாமல் மென்பொருள் விழுந்துவிட்டது. மனிதர் யார் என்று தீர்மானிக்கிற இடம் பழுதானதால் எல்லா மனிதர்களும் வெளியே நின்றார்கள். பெருமளவு சரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது.

அரசு தடுத்தால் இந்தக் கேடயம் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரியில் விகடன் தளம் ஒரு கார்ட்டூனுக்காக முடக்கப்பட்டது. எந்த வேகத் தொழில்நுட்பமும் அதைத் திறக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் போய்த்தான் மார்ச்சில் வழி பிறந்தது, அதுவும் அந்தக் கார்ட்டூனை எடுத்து வைத்த பிறகு.

வாசல் பிறர் கையில் இருப்பது நமக்குப் புதிதல்ல. 1920 ஜனவரியில் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கியபோது, காசு கொடுத்து விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் திலகர் தொடங்கிய ‘கேசரி’ பத்திரிகை மறுத்துவிட்டது. அம்பேத்கர் இதழ் நடத்துவதை நிறுத்தவில்லை. ஒன்று நின்றால் அடுத்ததைத் தொடங்கினார்.

நாம் செய்யக்கூடியது

இணையத்தை விட்டு வெளியேறுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. கேடயம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம் தளங்களை நடத்துகிற தோழர்களுக்குச் சில வேலைகள் சொல்கிறேன்.

முதலாவது, பக்கத்தின் எடையைக் குறையுங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு 3 பைட் ஆகும். நான் இப்போது பேசுகிற இந்த முழு உரையும் எழுத்தாகப் போட்டால் சில பத்து கிலோபைட்தான். கைப்பேசியில் எடுத்த ஒரே படம் 3, 4 மெகாபைட் இருக்கும். படத்தைச் சுருக்கிப் போட்டாலே, எந்த நிறுவனத்தின் உதவியும் இல்லாமல், கோம்பையிலும் வண்ணாட்டிலும் இருப்பவர் படிப்பார். கூட்ட அறிவிப்பைப் படமாக மட்டும் போடாதீர்கள், எழுத்தாகவும் போடுங்கள்.

இரண்டாவது, கேடயத்தைப் போடுங்கள், ஆனால் அமைப்பை நீங்களே பாருங்கள். மனிதர்தானா என்ற சோதனை எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பதைத் தளம் நடத்துகிறவர் தேர்ந்தெடுக்க முடியும். தாக்குதல் நடக்கும்போது உயர்த்துங்கள், முடிந்ததும் இறக்குங்கள். புதிய வகை முகவரியான ஐபிவி6ஐ அனுமதியுங்கள். அதில் தட்டுப்பாடு இல்லை, ஆளுக்கொரு முகவரி கொடுக்கலாம். மாதம் ஒருமுறை மலையிலோ கிராமத்திலோ இருக்கிற ஒரு வாசகரிடம் உங்கள் தளம் திறக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, பாதிக்கப்பட்டவர்களின் விவரங்கள். கேடயமாக நிற்கிற நிறுவனம் பூட்டைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறது. 2017 பிப்ரவரியில் கிளவுட்ஃப்ளேரின் ஒரு நிரல் பிழையால் சில தளங்களின் தனித் தகவல்கள் வெளியே கசிந்தன, கூகுள் ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு அடைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போகிறவரின் பெயர், ஊர், தொலைபேசி எண்ணைத் தளத்தின் படிவத்தில் வாங்காதீர்கள். நேரில் போய் வாங்குங்கள்.

நான்காவது, தளத்தின் பெயர்ப் பதிவு ஒரு தோழரின் தனி மின்னஞ்சலில் இருக்க வேண்டாம், அமைப்பின் பெயரில் இருக்கட்டும். எல்லாக் கட்டுரைகளின் நகலும் இரண்டு தனித்தனி இடங்களில் இருக்கட்டும். முக்கியமானதை அச்சிலும் வையுங்கள்.

ஐந்தாவது, அரசிடம் கேட்க வேண்டியது. பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை என்பது திட்டம். இணைப்பு இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி என்று 26,316 கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை 2022இல் ஒப்புதல் கொடுத்தது. சென்னைக் கிடங்கு வரை ஓடி வருகிற பக்கம் மலை அடிவாரத்தில் நின்றுவிட்டால் அந்த வேகம் நமக்கு எதற்கு? நம் ஊராட்சியில் கேபிள் எதுவரை வந்திருக்கிறது, கோபுரம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது என்று கிராம சபையில் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். உதவித்தொகை, சான்றிதழ்ப் பக்கங்கள் பகிர்வு முகவரிகளிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது என்றும், கடைசி நாளில் இணைப்பு கிடைக்காதவருக்கு நேரில் கொடுக்க வழி வேண்டும் என்றும் கோரிக்கை வையுங்கள்.

உங்களில் கணினி படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். செயலி செய்வது, வேலைக்குப் போவது எல்லாம் நல்லது. கூடவே இந்த அடித்தள வேலைகளையும் கற்றுக்கொள்ளுங்கள். ரூட்டர் எப்படிப் பேசுகிறது, முகவரியை யார் பங்கிடுகிறார்கள், தடை விதியை யார் எழுதுகிறார்கள் என்று படியுங்கள். விதி எழுதுகிற மேசையில் பகிர்வு முகவரியிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால், அந்த மூன்று மடங்கை 2025 வரை அளக்காமல் விட்டிருக்க மாட்டார்கள்.